கை படாமல் அனாட்டமி: முதலாண்டுக்காரர்களுக்கு ஒரு கையேடு

நீட் எழுதியாயிற்று, கலந்தாய்வில் கல்லூரி பிடித்தாயிற்று, வெள்ளைக் கோட்டும் தைத்தாயிற்று. சொந்தக்காரர்கள் இப்போதே கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்கிறார்கள். வாழ்த்துகள். இனி உங்களுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நடுவே நிற்பவை மூன்று பாடங்கள். ஃபிசியாலஜியையும் பயோகெமிஸ்ட்ரியையும் எழுதியே ஒப்பேற்றிவிடலாம் என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள். அனாட்டமி மட்டும் கொஞ்சம் முரடு. ‘இதை நீ பார்த்திருக்கிறாயா, தொட்டிருக்கிறாயா’ என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து ஓராண்டு முழுக்கத் தப்பிப்பது எப்படி என்பதே இந்தக் கையேடு.

அனாட்டமியை இன்று இரண்டு விதமாகச் சொல்லித்தருகிறார்கள். ஒன்று டிசெக்‌ஷன் ஹாலில், ஃபார்மலின் நெடியில், மேஜையில் கிடத்திய உடலை வைத்து. இன்னொன்று திரையில், தோலை ஒரு தட்டில் நீக்கி, தசையை இன்னொரு தட்டில் நீக்கி, எலும்பை விரலால் சுழற்றி. எது மேல் என்று பேராசிரியர்கள் மாநாட்டுக்கு மாநாடு விவாதிக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஒன்றும் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வர இரண்டிலும் தாராளமாக வசதி உண்டு. முறைதான் வேறு.

ஹாலில் இடம் பிடித்தல்

முதல் நாள் உறுதிமொழி இருக்கும். மேஜையில் கிடப்பவர் விரும்பி உடலைத் தந்தவராக இருக்கலாம். கேட்பாரில்லாமல் மருத்துவமனையில் இறந்து, 1951-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி இங்கே வந்து சேர்ந்தவராகவும் இருக்கலாம். தாய்லாந்து மருத்துவ மாணவர்கள் அவரைப் ‘பெரிய ஆசிரியர்’ என்றே அழைக்கிறார்கள். இந்தக் கையேட்டில் மற்ற எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த உறுதிமொழியைத் தவிர.

அது முடிந்ததும் இடம் பிடிக்க வேண்டும். ஒரு மேஜைக்குப் பத்துப் பதினைந்து பேர் என்றால் நல்ல காலம். சீட்டுகளைக் கூட்டிய கல்லூரிகளில் அதற்கு மேலும் நிற்பார்கள். ஒரு வாரத்துக்குள் வேலைகள் தாமாகவே பங்கிடப்பட்டுவிடும். கத்தி ஒருவர் கைக்குப் போகும். அவர் பெரும்பாலும் டாக்டர் வீட்டுப் பிள்ளையாக இருப்பார், அல்லது எட்டாம் வகுப்பிலேயே தான் சர்ஜன் என்று முடிவுசெய்துவிட்டவராக இருப்பார். அவரிடம் போன கத்தி ஆண்டு முடியும்வரை வேறு கைக்கு மாறாது. இன்னொருவர் ஃபோர்செப்ஸால் தோலை இழுத்துப் பிடிப்பார். மூன்றாமவர் கன்னிங்ஹாம் மேனுவலைப் பிரித்து வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். மற்றவர்கள் நிற்பார்கள்.

நிற்பவர்களுக்கு ஒரு யோசனை. அணியில் உயரமானவர் யார் என்று பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள். “எல்லாருக்கும் தெரியுதா?” என்று மேடம் கேட்கும்போது எல்லாரோடும் சேர்ந்து “தெரியுது மேடம்” சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியும். இருநூற்றைம்பது பேரையும் தனித்தனியாகக் கேட்க அவருக்கு நேரம் கிடையாது.

ஆனால் நான் பரிந்துரைப்பது மேனுவல் வாசிப்பவரின் பதவியை. கண் புத்தகத்தில் இருப்பதால் உடலைப் பார்க்க வேண்டியதில்லை. குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால் நீங்கள்தான் மேஜையை நடத்துகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கையுறைகூட அழுக்காகாது. இந்தப் பதவிக்குச் சரித்திரப் பெருமையும் உண்டு. போலோஞாவில் மொண்டினோ 1316-இல் உடலை அறுப்பதற்கு ஒரு வழிகாட்டி எழுதினார். அதற்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு நடந்த விதம் இது: பேராசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து நூலைப் பார்த்து வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் உடலை அறுப்பார். இன்னொருவர் கோலால் சுட்டிக்காட்டுவார். வாசிப்பவர் அறுப்பதில்லை, அறுப்பவருக்கு வாசிக்கப்படும் லத்தீன் புரிவதில்லை, சுற்றி நிற்கும் மாணவருக்கு எதுவும் தெரிவதில்லை. இணையம் கண்டுபிடிக்க ஐந்நூறு ஆண்டு இருக்கும்போதே ஆன்லைன் வகுப்பு நடந்திருக்கிறது, உடலை அறைக்குள் வைத்துக்கொண்டே.

வாசிக்கப்பட்டது பெரும்பாலும் கேலன். இரண்டாம் நூற்றாண்டுக்காரரான அவர் குரங்கையும் பன்றியையும் மாட்டையும் அறுத்து மனிதரைப் பற்றி எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார். மூளையின் அடியில் ‘அற்புத வலை’ என்று ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதாகச் சொன்னார். மனிதருக்குத் தாடை ஒன்றுதான், அந்த வலையும் கிடையாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இது நிற்க முடிந்தது. கடைசியில் பாதுவாவில் வெசாலியஸ் என்ற பேராசிரியர் அந்த நாற்காலியை விட்டு இறங்கித் தானே கத்தியை எடுத்தார். 1543-இல், இருபத்தெட்டு வயதில், தன் பெரிய நூலை வெளியிட்டார். அதன் முகப்புப் படத்தில் அவர் கை உடலின் மேல் இருக்கிறது, நாவிதர்கள் மேஜைக்கு அடியில் தள்ளப்பட்டிருக்கிறார்கள். பாரிஸில் அவருக்கே பாடம் சொன்ன சில்வியஸ் இதைக் கேட்டு அசரவில்லை. கேலன் எழுதியது சரிதான், அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்றார். மேனுவல் வாசிப்பவர்கள் வணங்க வேண்டிய ஆள் அவர்.

இடையில் ஒரு வார்த்தை, கையேட்டுக்குச் சம்பந்தமில்லாமல்: நேரடி வகுப்பா, இணைய வகுப்பா என்று கேட்பவர்கள் தவறான இடத்தில் கோடு போடுகிறார்கள் என்பது என் கட்சி. கத்தி பிடித்த ஒருவருக்கும் அவரைச் சுற்றி நிற்கும் பதினான்கு பேருக்கும் நடுவேதான் அந்தக் கோடு. அந்தப் பதினான்கு பேரும் ஃபார்மலின் நெடியோடு ஆன்லைன் வகுப்பில் இருக்கிறார்கள்.

கொழுப்பு

திரையில் படிப்பதற்குள்ள மிகப் பெரிய வசதி, அங்கே கொழுப்பு இல்லை.

மேனுவலில் ‘ஃபேசியாவை நீக்கிச் சுத்தம் செய்யவும்’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு ஒரு மதியம் போகும். அக்குளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிரேக்கியல் பிளெக்சஸ் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதால் நம்பித் தோண்டுவீர்கள். மஞ்சள் கொழுப்பு வரும். மேலும் தோண்டினால் மேலும் மஞ்சள் கொழுப்பு, கூடவே நிணநீர் முடிச்சுகள். மழுங்கிய ஃபோர்செப்ஸால் அதைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கண்ணில் நீர் வழிய, பசி வேறு வயிற்றைக் கிள்ள (ஃபார்மலின் பசியைத் தூண்டும் என்பது ஹாஸ்டல் நம்பிக்கை, மெஸ்ஸில் கேட்டால் சத்தியம் செய்வார்கள்), கடைசியில் பழுப்பாக மூன்று நான்கு கயிறுகள் தெரியும். எது தமனி, எது சிரை, எது நரம்பு? மூன்றும் ஒரே நிறம்.

இந்த இடத்தில்தான் ஹால் ஒரு வேலை செய்துவிடுகிறது. விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்கிறது. தமனிச் சுவர் தடிப்பாக இருக்கும், அழுத்தினால் மீண்டு வரும். சிரை தட்டையாகச் சரிந்து கிடக்கும், உள்ளே கருத்த ரத்தக்கட்டி இருக்கும். நரம்பு உள்ளீடு நிறைந்த கெட்டிக் கயிறு, எவ்வளவு அழுத்தினாலும் சப்பையாகாது. அந்தக் கெட்டிக் கயிறுகளைப் பின்தொடர்ந்தால் ஆங்கில எம் எழுத்தைப் போல ஒரு பின்னல் வரும், அதன் நடுக்காலில் மீடியன் நரம்பு. இதை ஒருமுறை விரல் கற்றுக்கொண்டால் மறக்காது. ஆகவே தவிர்க்கவும்.

திரையில் இந்தத் தொல்லையே இல்லை. தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், நிணநீர்க்குழாய் பச்சை. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தால் தன் பெயரைத் தானே சொல்லும். கொழுப்பை மறைக்க ஒரு பொத்தான். பிற்காலத்தில் அறுவை மேஜையில் நோயாளியின் கழுத்தைத் திறக்கும்போதும் மஞ்சள் நரம்பு தலைநீட்டி வணக்கம் சொல்லும் என்ற நம்பிக்கையோடு இதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டிலிருந்தே உடலை முடிப்பது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, முந்தைய ஆண்டு சேர்ந்தவர்கள் பல கல்லூரிகளில் பாதி உடலைத்தான் பார்த்திருந்தார்கள். மீதிப் பாதியைக் கைபேசியில் பார்த்தார்கள். அடுத்து வந்த அணியில்தான் அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதன்முதலாக வந்தார்கள். அவர்களையும் இரண்டாம் அலை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. ஆக, இந்த வழிமுறைகள் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டவை.

வருகைப்பதிவு: தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80. பெயர் திரையில் இருந்தால் போதும், ஆள் தூங்கலாம். இதில் உங்களுக்கு என் உதவி தேவைப்படாது.

முக்கியமான பிரச்சினை வீடு. ஒற்றை அறை வீட்டில், கூடத்தில் உட்கார்ந்து, காதுக்கருவி இல்லாமல் பெரினியம் வகுப்பைத் திறக்க வேண்டாம். சார் வேறு வழியில்லாமல் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பார், பாட்டி முறம் புடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். “டாக்டருக்குன்னு சேத்தா இதுதான் சொல்லித்தர்றானுங்களா?” என்ற கேள்விக்கு மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் விடை கிடையாது. பெல்விஸ் தொடங்குவதற்கு முன்பே மொட்டைமாடிக்கு இடம் மாறிவிடுங்கள்.

தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஸ்கெட்ச் பேனாவால் விலா எலும்புகளை வரையத் தொடங்குவது ஆபத்து. இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டுக்குச் சற்று உள்ளே விரலை வைத்தால் இதயம் முட்டுவது கையில் தெரியும். முட்டுவது தெரிந்துவிட்டால் நீங்கள் உடற்கூறியல் படித்துவிட்டதாக ஆகிவிடும். ஃபார்மலினில் கிடக்கும் உடலும் இதைத் தராது, விலை உயர்ந்த செயலியும் தராது. ஊரடங்கில் சில வீட்டுத் தம்பிகளின் நெஞ்சில் கிடைத்திருக்கிறது.

இன்னும் துணிந்தவர்கள் கறிக்கடைக்குப் போவார்கள். முழு ஆட்டு இதயம் கேட்டால் கடைக்கார அண்ணன் தருவார், கீறாமல் தரச் சொல்ல வேண்டும். நான்கு அறைகள், வால்வுகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் நாண்கள் எல்லாம் மனித இதயத்தோடு ஒப்பிடும்படியாகவே இருக்கும். உற்சாகத்தில் தலைக்கறியிலும் இறங்கிவிடாதீர்கள். கேலன் சொன்ன அந்த அற்புத வலை ஆட்டுக்கு உண்மையிலேயே உண்டு. அதைப் பார்த்துத் தேர்வில் எழுதிவைத்தால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுத் தவற்றுக்கு நீங்கள் வாரிசு.

திரையைப் பற்றி நல்ல வார்த்தையே இல்லையா என்றால், இருக்கிறது. எம்பிரியாலஜி. ஆறாவது வாரத்தில் கருவின் குடல் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் புகுந்து, மீசென்டெரிக் தமனியை அச்சாக வைத்து 270 டிகிரி சுழன்று, பத்தாவது வாரத்தில் வயிற்றுக்குத் திரும்புகிறது. கரும்பலகையில் இதை வரைந்து யாரும் யாருக்கும் புரியவைத்ததில்லை. ஸ்டெதாஸ்கோப்பையோ துப்பட்டாவையோ முறுக்கிக் காட்டி, கடைசியில் அவிழ்க்க முடியாமல் மேடத்தோடு வகுப்பே தவிக்கும். அசைபடத்தில் அரை நிமிடம். ஹிஸ்டாலஜியும் அப்படித்தான். ஒரு மைக்ராஸ்கோப்பின் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்று, முள் சுட்டும் இடத்தில் தூசியைப் பார்த்துவிட்டு வந்து, ரெக்கார்டு நோட்டில் ஊதா பென்சிலாலும் ரோஸ் பென்சிலாலும் சீனியர் வரைந்ததைப் பார்த்து வரைந்த காலத்தை யாரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, பேராசிரியரின் வேகமான ஆங்கிலத்தை ஹாலில் நிறுத்த முடியாது. பதிவு செய்த வகுப்பை நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், வெட்கப்படாமல் நான்கு தடவை கேட்கலாம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூறியல் நூலும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய சலுகை அந்தப் பின்னோட்டப் பொத்தான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். வகுப்பைப் பதிவிறக்கி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டலாம்.

திரையில் பிணம் இல்லை என்று நம்புவது

செயலியில் சுழலும் உடலை யாரோ கணினியில் வரைந்தார்கள் என்று நினைத்துக்கொள்வது மனதுக்கு லேசாக இருக்கும். ஆனால் இந்தத் துறையின் மூலதனங்களில் ஒன்று அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘விசிபிள் ஹியூமன்’ திட்டம். 1993-இல் டெக்சஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதி தன் உடலை அறிவியலுக்குத் தந்திருந்தார். அதை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தலையிலிருந்து கால்வரை சீவிச் சீவிப் படமெடுத்தார்கள். மொத்தம் 1,871 சீவல்கள். அடுத்து ஒரு பெண்ணின் உடலை அதைவிட மெல்லிசாக, மூன்றில் ஒரு மில்லிமீட்டராகச் சீவினார்கள். ஹாலில் இருப்பவருக்கு நீங்கள் உறுதிமொழி எடுத்தீர்கள். இவர்களுக்கு யாரும் எடுப்பதில்லை; ‘சம்மதிக்கிறேன்’ பொத்தானை மட்டும் அழுத்துகிறார்கள், அதுவும் சந்தாவுக்கு.

பெற்றோர் கேட்டால் சொல்ல

‘ஹாலுக்கே போகாமல் டாக்டராக முடியுமா?’ என்று அப்பா கவலைப்பட்டால் ஆராய்ச்சியைக் காட்டி அடக்குங்கள். உடலை அறுத்துப் படித்தவர்களையும் வேறு வழிகளில் படித்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-இல் வந்தது. குறுகிய காலத் தேர்வறிவில் இரு தரப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை என்றது. இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். ‘குறுகிய காலம்’ என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாக. தேர்வு எதைக் கேட்கிறதோ அதை இரண்டு வழியிலும் மனப்பாடம் செய்யலாம் என்பதுதான் அதன் பொருளோ என்று அப்பா யோசிக்கத் தொடங்கினால் பேச்சை ஹாஸ்டல் கட்டணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வேரியேஷன்

இப்போது ஒரு சின்னச் சோதனை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் புடைத்து வந்தால் உங்களுக்கு பால்மாரிஸ் லாங்கஸ் தசை இருக்கிறது. வராவிட்டால் பயப்பட வேண்டாம், ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு அது ஒரு கையிலாவது இருக்காது. செயலியில் இருப்பவருக்கு அது என்றைக்கும் இருக்கும். மேஜையில் கிடப்பவருக்கு இல்லாமல் போகலாம். அவருக்குத் தமனி முழங்கைக்கு மேலேயே இரண்டாகப் பிரிந்திருக்கலாம், பித்தப்பைக் குழாய் வேறு வழியில் போயிருக்கலாம். புத்தகத்தைப் படிக்காமலே வளர்ந்த உடல் அது.

இதை உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். காட்டச் சொன்ன நரம்பைத் தேடிக் கிடைக்காவிட்டால், அல்லது தேடும்போது நீங்களே அறுத்துவிட்டிருந்தால், நிமிர்ந்து நின்று “வேரியேஷன், சார்” என்று சொல்லுங்கள். பத்தில் ஒரு தடவை உண்மையாகவே அப்படி இருந்து தொலையும். அன்றைக்கு சார் மற்ற மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார், நீங்கள் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுவீர்கள். திரையில் படித்தவருக்கு இந்தச் சாக்கு இல்லை.

வைவா

ஸ்பாட்டர் தேர்வில் மணி அடித்ததும் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். தசையில் குத்தியிருக்கும் குண்டூசிக் கொடியைச் சுற்றி எந்த நிறமும் இருக்காது, அதனால் தெரிந்த பெயர்களில் நீளமான ஒன்றை எழுதிவிட்டு நகருங்கள்.

எலும்பு வைவாதான் உண்மையான இடைஞ்சல். எக்ஸ்டெர்னல் ஒரு எலும்பை எடுத்து நீட்டி, எந்தப் பக்கம் என்று கேட்பார். திரையில் எலும்போடு ‘இடது’, ‘வலது’ என்று ஒட்டியே வரும். இங்கே சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் எழுதியிருக்காது. எதற்கும் ஒரு ஓரத்தைப் பாருங்கள், சீனியரிடமிருந்து கைமாறி வந்த பழைய போன் செட்டாக இருந்தால் யாராவது பேனாவால் குறித்திருப்பார்கள். தவறாகக் குறித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மேற்கை எலும்பு என்றால் பந்து போன்ற தலை உடலை நோக்கியும், கீழ்முனையின் ஆழமான குழி பின்னாலும் இருக்கும்படி சொந்தத் தோளில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும். ஹாலில் நின்றவர்கள் அதைத்தான் செய்வார்கள். நீங்கள் இரண்டு விரலை அகட்டி எலும்பைப் பெரிதாக்க முயலாமல் இருந்தால் அதுவே போதும்.

கேட்டதற்கெல்லாம் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஒன்றைத் தவிர. எக்ஸ்டெர்னல் புன்னகையோடு பட்டாணி அளவு எலும்பு ஒன்றை உங்கள் உள்ளங்கையில் வைத்தால் அது பிசிஃபார்ம். அதன் பக்கத்தைச் சொல்ல ஆண்டு முழுக்கக் கத்தி பிடித்திருந்த அந்த டாக்டர் வீட்டுப் பிள்ளையே திணறும். நன்றி சொல்லி அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து, சப்ளிமென்டரிக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று ஆபீஸில் விசாரியுங்கள்.